"அவசரம்" என்று சொல்லாத விமானம்

"கட்டுநாயக்கவில் சீரற்ற காலநிலை, விமானங்கள் மத்தளைக்குத் திருப்பப்பட்டன" என்று செய்தி வந்தால், "இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டு இருந்திருக்கலாமே" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவு பெறுமதியானது என்பதை உலகம் ஒரு கசப்பான இரவில் கற்றுக்கொண்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு விமானம் டாங்கி நிறைய எரிபொருளோடு புறப்படுவது குறைவு. பாரம் கூடினால் செலவும் கூடும். போகுமிடம் வரைக்கும் ஒரு பங்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையம் வரைக்கும் ஒரு பங்கு, கடைசியாக 30 நிமிடம் பறக்க ஒரு பங்கு, எதிர்பாராத தேவைக்குச் சிறிது. வானில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கையிருப்பைத் தின்கிறது. ஆகவே மாற்று விமான நிலையம் என்பது எப்போதும் திறந்திருக்கும் கதவு அல்ல. குறித்த நேரத்துக்குப் பின் அது மூடிவிடும்.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் அவியங்கா நிறுவனத்தின் 52ஆம் இலக்க விமானம், ஒரு போயிங் 707, பொகோட்டாவிலிருந்து மெடலின் வழியாக நியூயோர்க் வந்தது. விமானத்தில் 158 பேர். நியூயோர்க்கில் மோசமான காலநிலை, வானில் நெரிசல். மூன்று இடங்களில் சுற்றவிடப்பட்டு, மொத்தம் 1 மணி 17 நிமிடம் காத்திருந்தது.

கடைசியாகக் காத்திருந்தபோது, தமக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் இன்னும் ஐந்து நிமிடம்தான் தாங்கும் என்றும் உதவி விமானி சொன்னார். மாற்று நிலையம் எது என்று கேட்டபோது, பொஸ்டன், ஆனால் இப்போது அங்கே போக முடியாது என்றார். கதவு மூடிவிட்டிருந்தது.

முதல் முயற்சியில் காற்றின் குழப்பத்தால் தரையிறங்க முடியவில்லை. "அவசர நிலை என்று சொல்" என்றார் தலைமை விமானி. உதவி விமானியோ, கிடைத்த உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு, எரிபொருள் முடிந்துகொண்டிருக்கிறது என்று சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "அவசரம்" என்ற சொல் வரவேயில்லை. கட்டுப்பாட்டாளர்களும் துருவிக் கேட்கவில்லை. இரண்டாம் முறை இறங்க வரும்போது இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. லோங் ஐலண்டின் கோவ் நெக்கில் விமானம் வீழ்ந்தது. 73 பேர் இறந்தனர். தீப்பிடிக்கவில்லை. எரிய எதுவும் மிச்சமிருக்கவில்லை.

எரிபொருளைச் சரியாக நிர்வகிக்காததும், அவசர நிலையை அறிவிக்காததுமே காரணம் என்றது விசாரணை. எரிபொருள் குறைவைக் குறிக்க எல்லோருக்கும் பொதுவான தெளிவான சொற்கள் இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது. இன்று சர்வதேச விதிகளில் அந்தச் சொற்கள் உண்டு. "மினிமம் ஃபியுவல்" என்றால் இனித் தாமதம் கூடாது. "மேடே ஃபியுவல்" என்றால் கடைசி 30 நிமிடக் கையிருப்பிலும் கைவைக்கும் நிலை, அதாவது ஆபத்து.

எனவே மத்தளைக்கோ சென்னைக்கோ திரும்பும் விமானி பயந்தவர் அல்லர். கதவு திறந்திருக்கும்போதே முடிவெடுத்தவர். நாலு மணித்தியாலம் தாமதமாகி வீடு வந்தாலும், வந்து சேர்கிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒன்று உண்டு. "விளங்கவில்லை" என்று பிள்ளைகள் சத்தமிட்டுச் சொல்வதில்லை, மெல்லத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு, "எவ்வளவு விளங்கவில்லை?" என்று திருப்பிக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.