கதவைச் சாத்திப் பார்

தூத்துக்குடியில் கரையோரக் கடலுக்கு ஆழம் குறைவு. புதுத் துறைமுகம் வரும்வரை நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பருத்திப் பொதியும் நிலாவரை இலையும் தோணியில்தான் கப்பலுக்குப் போகும். சரக்கு ஏற்றுமுன் தோணியின் தலைவரான தண்டல் காலித் தோணிக்குள் இறங்கி, பலகை இடுக்குகளில் அடைத்த கலப்பத்து விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாராம். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் யார்டு மேஸ்திரி. அவருடைய அப்பா தண்டலாக இருந்தவர்.

1990களின் தொடக்கத்தில் காலிக் கன்டெய்னர் பெட்டி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் நான் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு அண்ணாச்சி" என்றேன். "உள்ள போல. கதவச் சாத்துதேன். கண்ணு இருட்டுக்குப் பழகட்டும், அவசரப்படாத" என்றார் மேஸ்திரி. வெளியிலிருந்து பூட்டுக்கம்பி திரும்பும் சத்தம் கேட்டது. உச்சிவெயிலில் இரும்புச் சூடு முகத்தில் அடித்தது. ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூரையின் மூலையில் ஊசி குத்தியதுபோல ஒரு வெளிச்சம். வெளிச்சம் வரும் துளையில் மழையும் வரும். அன்று அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பினோம்.

கூரைத் தகட்டின் கனம் 2 மில்லிமீட்டர்தான். கிரேனின் பிடி மூலைக்கட்டையில் சரியாக உட்காராமல் பக்கத்தில் இடித்தால் தகடு கிழியும். அதனால் நாலு மூலைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அடுத்தது கதவின் ரப்பர். கீழ்மூலையில்தான் முதலில் பிய்யும். பிறகு மூக்குக்கு வேலை. முன்னால் மீன்தூளோ பதப்படுத்தாத தோலோ போன பெட்டியில் காப்பிக்கொட்டையை ஏற்றினால், கொட்டை அந்த வாடையைக் குடித்துவிடும். கழுவினாலும் போகாது, தரைப் பலகை வாடையைப் பிடித்து வைத்திருக்கும். கழுவிய ஈரத்தோடு வந்தால் அதுவும் ஆபத்து. கடலில் இரவுக் குளிர் பட்டதும் பெட்டி உள்ளுக்குள்ளேயே வேர்த்துச் சொட்டும்.

1956 ஏப்ரல் 26-இல் அமெரிக்க லாரி முதலாளி மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டி யுகம் அங்கே தொடங்கியது. 1972-இல் பெட்டிப் பாதுகாப்புக்கென உலக உடன்படிக்கை வந்தது; 1977-இல் நடைமுறைக்கு வந்தது. கதவில் அடித்திருக்கும் அந்தச் சின்னத் தகடு அதன் அடையாளம். செய்த மாதமும் ஆண்டும், தாங்கும் மொத்த எடையும் அதில் இருக்கும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா இன்னொரு கண்ணோடு பார்க்கச் சொன்னது. முன்சுவர், இரு பக்கச் சுவர்கள், தரை, கூரை, கதவு, அடிப்பாகம் என ஏழு இடங்கள். இருபதடிப் பெட்டியின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் பொய்ச்சுவர் என்று அர்த்தம். நாடாவைப் பிடித்து அளந்தோம், சுத்தியலால் தட்டிக் கேட்டோம். தண்டல் காலத்தில் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு ஐப்பசி மழையில் நான் தவறினேன். வெளியே லாரி வரிசை, இருட்டுவதற்குள் நூல் பெட்டி கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். கதவைச் சாத்தாமலே கையெழுத்துப் போட்டேன். போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து போட்டோ வந்தது. கதவோரத்து அட்டைப்பெட்டிகள் நனைந்து, கோன்களில் பழுப்புக் கறை. அந்த நூலைச் சுற்றிய பெண்களின் உழைப்பு என் ஒரு கையெழுத்தில் வீணானது. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

இப்போது போனில் ஏழு படம் எடுத்து அனுப்பினால் சோதனை முடிந்ததாகக் கணக்கு. ஊசித்துளை படத்தில் விழாது. ஏற்றுமதி செய்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பெட்டி பார்க்கும் பையனுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். முதலில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள், பூச்சிமருந்து அடித்த பெட்டியாக இருக்கலாம். பிறகு அவன் உள்ளே போகட்டும், கதவைச் சாத்துங்கள். அவன் வெளியே வரும்வரை ஓர் ஆள் கதவை விட்டு நகரக் கூடாது.