டவுன் ஹால் நூலகமும் தனியார் கொடையும்

மும்பைத் தமிழருள் அலுவல் நிமித்தம் கோட்டைப் பகுதிக்குச் சென்று வருவோர் பலர். ஹார்னிமன் சர்க்கிளை அடுத்து, முப்பது படிகளும் பெருந்தூண்களுமாய் நிற்கும் டவுன் ஹாலை அவர்கள் நாளும் காண்கின்றனர். அதனுள் ஏஷியாடிக் சொஸைட்டியின் நூலகம் இருப்பதை அறிந்தோர் சிலர். படியேறிச் சென்றோர் அவரினும் சிலர்.

1804 ஆம் ஆண்டு நவம்பரில், பம்பாயில் நீதிபதியாயிருந்த சர் ஜேம்ஸ் மாக்கிண்டாஷ் இதனை ஓர் இலக்கியக் கழகமாகத் தோற்றுவித்தார். கட்டடம் எழுப்பப் பொருளில்லை. லாட்டரிச் சீட்டு நடத்திப் பார்த்தனர். திரண்ட தொகை போதவில்லை. 1821 இல் தொடங்கிய வேலை பணமின்றி இடையிடையே நின்று, எஞ்சிய செலவை அரசாங்கம் ஏற்றபின் 1833 இல் நிறைவெய்தியது. பொருள் தேடும் கவலை இந்நிறுவனத்தின் உடன்பிறப்பு போலும்! நெடுங்காலம் ஐரோப்பியருக்கே திறந்திருந்த இக்கழகத்தில், 1840 இல்தான் மானெக்ஜி கர்செட்ஜி என்னும் பார்ஸிப் பெருமகனார் உறுப்பினராக முடிந்தது. அவரும் முன்னர் ஒருமுறை மறுக்கப்பட்டவரே.

இது வெறும் நூலகமன்று. அரும்பொருட்களும் இங்கே சேர்ந்தன. 1882 இல் பகவன்லால் இந்திராஜி என்னும் அறிஞர் ஸோபாராவில் பௌத்த ஸ்தூபம் ஒன்றை அகழ்ந்தார். கற்பெட்டியொன்று வெளிப்பட்டது. அதனுள் பேழைக்குள் பேழையாக அடுக்கி வைத்திருந்தனர். பொன்னாலான உட்பேழையில் புத்தர்பிரானின் பிச்சைப் பாத்திரத் துண்டுகள் என நம்பப்பெறும் ஓட்டுச் சில்லுகள் கிடந்தன. அவை இக்கழகத்தை வந்தடைந்தன. கவர்னராயிருந்த எல்பின்ஸ்டன் அளித்த தாந்தேயின் பழஞ்சுவடியும் இங்குளது. முஸோலினி அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தார் என்றும், கழகத்தார் மறுத்தனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் இங்கே உள்ளன. அவற்றை மின்படமாக்கும் பணி நடைபெறுகிறது. ‘கிரந்த சஞ்சீவனி’ என்னும் மின்தொகுப்பும் உண்டு. “படம் எடுத்தாயிற்றே, இனிக் காகிதம் எதற்கு, கொடை எதற்கு?” என்று கேட்பார் உளர். கேள்வி எளிது, உண்மை வேறு. மரக்கூழால் காகிதம் செய்யத் தொடங்கிய பின் அச்சேறிய நூல்கள், அவற்றுக்கும் மூத்த கந்தைத்துணிக் காகித நூல்களைவிட விரைவில் பழுப்பேறி நொறுங்குகின்றன. விரித்தால் உதிரும் ஏட்டைப் படமெடுக்குமுன் பைண்டர் ஒருவர் அதனைத் தொட்டுச் செப்பனிட வேண்டும். எடுத்த படமும் சாகாவரம் பெற்றதன்று. அதனைத் தாங்கும் வட்டுகள் பழுதாகும். சில ஆண்டுகளுக்கொருமுறை வேறிடத்திற்குப் படியெடுத்தல் வேண்டும். ஆக, முன்னர் ஒரு செலவு, இன்று இரண்டு.

புதிய யந்திரம் வாங்கப் பணம் தருவோர் கிடைக்கின்றனர்; பெயர்ப்பலகை வைக்கலாமன்றோ! பைண்டரின் மாதச் சம்பளத்திற்குத் தருவோரைக் காண்பதரிது. என் கருத்தில் இதுவே பெருங்குறை. இதனை ஓரளவு ஈடுசெய்யக் கழகத்தார் கண்ட வழி, நூலொன்றைத் தத்தெடுக்கும் திட்டமாகும். கொடையாளர் ஒரு நூலின் பராமரிப்புச் செலவை ஏற்கலாம்.

நம் சங்கத்தில் மணிவிழாவும் பிறந்தநாளும் அன்னதானத்தோடு நடைபெறுகின்றன, நன்று. அவ்வாறான நன்னாளொன்றில், குழந்தைகளையும் உடனழைத்துக்கொண்டு அம்முப்பது படிகளை ஒருமுறை ஏறி, தத்தெடுக்கக் காத்திருக்கும் நூல்கள் யாவை என்று கேட்டு வரலாகாதா?