சேர்ந்து பாடிய காதல்: திருவெம்பாவையும் இணுவிற் பெண்களும்

இசைக்குப் பேர்போன ஊர் எங்கள் இணுவில். காதற்பொருளில் பஞ்சவன்னத்தூது பாடிய சின்னத்தம்பிப் புலவர், தவில் மேதை தட்சணாமூர்த்தி, பாடலாசிரியர் வீரமணி ஐயர் என்று பெருமையோடு சொல்லப் பலர் உளர். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பெயர்கள் அநேகமாக ஆண்களுடையவை. இவ்வூர்ப் பெண்களின் குரல் எங்கே ஒலித்தது என்று தேடினால், தனிக் கச்சேரி மேடையை விடச் சேர்ந்து பாடிய பாட்டிலேதான் அது மிகுதியாகக் கிடைக்கிறது.

அவற்றுள் முதன்மையானது திருவெம்பாவை. மாணிக்கவாசகர் திருவண்ணாமலையில் அருளியதாகக் கூறப்படும் இருபது பாடல்களும் கன்னிப் பெண்கள் கூட்டமாகப் பாடுவதாகவே அமைந்தவை. வாசலில் நிற்பவர்கள் அழைக்க, உள்ளே கிடப்பவள் மறுமொழி சொல்கிறாள். நீராடப் போகும் தோழியர் இறைவன்மேற் கொண்ட அன்பை ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒன்பதாம் பாட்டில், சிவனடியாரே தங்களுக்குக் கணவராக வேண்டுமென்றும் கேட்கிறார்கள்.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கலியாணப் பேச்சில் பெண்ணின் விருப்பம் கேட்கப்படாத வீடுகள் அன்று ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளே, எப்படிப்பட்ட கணவர் வேண்டுமென்று சந்நிதியில் வாய்விட்டுப் பாடினார்கள். தனியே சொன்னால் நாணமற்றவள் என்பார்கள்; சேர்ந்து பாடினால் அது பக்தி. மார்கழி விடியலில் சங்கூதிச் சேமக்கலம் அடித்து வீதிவழி பாடிச் சென்றவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. பெண்களுக்குக் கோயில் மண்டபமும் பாடசாலையுமே இடம் தந்தன.

அந்த இடம் மெல்ல மெல்ல விரிந்தது. அயலூரான உடுவிலில் 1824இல் தொடங்கிய மிஷன் பெண்கள் பாடசாலையில் கிறிஸ்தவ கீதங்களைப் பிள்ளைகள் கூடிப் பாடினர். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரி நிறுவினார். 1960இல் அங்கே இராமநாதன் இசைக்கல்லூரி எழுந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராக இருந்தார். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கு பயின்ற பெண்கள் ஊர்ப் பாடசாலைகளுக்குச் சங்கீத ஆசிரியைகளாக வந்தார்கள். பண்ணிசை வகுப்பில் அவர்கள் சுருதி சேர்த்துப் பழக்கியதையே நாங்கள் விடுமுறையில் பரராசசேகரப் பிள்ளையார் கோயிலிலும் சிவகாமி அம்மன் கோயிலிலும் பாடினோம்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு மார்கழியில் எங்கள் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. தென்மராட்சியிலும் வன்னியிலும் கொழும்பிலும் சிதறிய குரல்கள் பின்னர் ரொறன்ரோ, லண்டன், சிட்னி எனப் பரவின. இப்பாட்டுக்குப் பயணம் புதிதன்று. தாய்லாந்து அரசவைப் பிராமணர்களின் திரியம்பாவாய்ச் சடங்கிலே அதன் பெயர் இன்றும் வாழ்கிறது. எனினும் கூட்டுப்பாட்டைத் தனியொருத்தி பாடுவது கடினம். அழைப்பதற்கு ஒருத்தியும் மறுமொழி சொல்ல இன்னொருத்தியும் வேண்டும்.

நாலாம் பாட்டில் உள்ளே இருப்பவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். நீயே வந்து எண்ணிப் பார், குறைந்தால் திரும்பப் போய்த் தூங்கு என்கிறார்கள் தோழியர். இந்த நூற்றாண்டில் பழைய மாணவிகளாகிய எங்களையும் அந்தக் கேள்வி தொடுகிறது. மாண்டவர், தொடர்பு அறுந்தவர் என எம்மிற் பலர் வரமாட்டார்கள். வரக்கூடியவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வரும் மார்கழியில் அருகிலுள்ள தோழியை அழைத்து, இரண்டு பேராகவேனும் சேர்ந்து பாடுங்கள்.