தொடாமல் அறியும் கலை

ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் இன்று என்.டி.ஆர். பூங்கா இருக்கும் பகுதியில், ஒரு காலத்தில் அனல் மின் நிலையம் ஒன்று இயங்கி வந்தது. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆட்சியில், 1920-இல் ஏற்பட்ட நிலையம் அது. பிற்காலத்தில் அது மூடப்பட்டது, கட்டடமும் இடிக்கப்பட்டது. ஆயினும் அந்நாளில் நகரத்துக்குள் புகுந்த மின்சாரம் நம் வீட்டுச் சுவர்களுக்குள் நிலையாகக் குடிகொண்டுவிட்டது.

நெருப்பைப் புகை காட்டிக் கொடுக்கும். பாம்பைச் சீற்றம் காட்டிக் கொடுக்கும். மின்சாரத்துக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. தொட்டுப் பார்த்து அறியலாம் என்றால், தொட்டவன் அதைச் சொல்லப் பிழைத்திருக்க வேண்டுமே! ஆகவே, தொடாமலே அதனை அறிய மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு, வீட்டில் விளக்கெரிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளத்தக்கது.

அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே ஓர் உயிர்ப்பலி நேர்ந்தது. 1753-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மான் என்னும் விஞ்ஞானி, கூரையின் மேல் இரும்புக் கம்பியை நிறுத்தி, இடிமேகத்தின் மின்சாரத்தை அளக்க முற்பட்டார். கருவியைப் பார்க்கக் குனிந்த கணத்தில் மின்னல் பாய்ந்து அவரை மாய்த்தது. அளக்கும் கருவியே அபாயத்துக்கு வழியாகிவிட்டது.

1787-இல் ஆபிரகாம் பென்னெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் வேறு வழி கண்டார். கண்ணாடிக் குடுவைக்குள் மெல்லிய தங்க இதழ்கள் இரண்டைத் தொங்கவிட்டார். மின்னேற்றம் பெற்ற பொருளைக் குடுவையின் தலைப்புக்கு அருகே கொணர்ந்தாலே போதும். தீண்டாமலே இதழ்கள் விலகி நின்றன. மின்சாரத்தின் செல்வாக்கு அதன் கம்பியோடு முடிந்துவிடுவதில்லை, சுற்றியுள்ள வெளியிலும் பரவுகிறது என்பதற்கு அது கண்கூடான சான்று.

வீடுகளுக்கு மின்சாரம் வந்தபின் தொழிலாளர் கைக்கு வந்தது, நாம் ‘டெஸ்டர்’ என்று வழங்கும் திருப்புளி. 1898-இல் லண்டனில் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டறிந்த நியான் வாயு, அதன் பிடிக்குள் செந்நிறமாய் ஒளிர்கிறது. ஆனால் அதன் முனை கம்பியைத் தொட வேண்டும். நம் விரலும் அதன் தலையைத் தொட வேண்டும். உள்ளிருக்கும் மின்தடை, நம் உடல் வழியே செல்லும் மின்னோட்டத்தை மிகமிகக் குறைத்துவிடுகிறது. அத்தடை பழுதானால் ஆபத்துதான். பட்டப்பகல் வெளிச்சத்தில் அவ்வொளி கண்ணுக்குப் புலப்படுவதும் அரிது.

இன்று கடைகளில் கிடைக்கும் தொடாச் சோதனைப் பேனா, பென்னெட்டின் தத்துவத்துக்கே திரும்பியது எனலாம். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விநாடிக்கு 50 சுழற்சி உடையது. அவ்வாறு மாறிக்கொண்டேயிருக்கும் மின்புலம், கம்பியின் உறையையும் ஊடுருவிப் பேனாவின் நுனியில் நுண்ணிய சலனத்தை எழுப்புகிறது. சிறு பாட்டரியின் உதவியால் அச்சலனம் பெருக்கப்பட்டு, விளக்கு ஒளிர்கிறது; மணி ஒலிக்கிறது.

வேலை நிமித்தம் வெளிமாநிலத்தில் வாழும் நம்மவருக்கு இது பெரிதும் பயன்படும். வாடகை வீட்டில் முன்பு யார், எவ்வாறு கம்பி இழுத்தார் என்பதை நாம் அறியோம். சுவிட்சைத் தவறான கம்பியில் பொருத்தியிருந்தால், அதை அணைத்த பின்னும் பல்பு மாட்டும் இடத்தில் மின்சாரம் நிற்கும். பேனா அதனைக் காட்டிவிடும். ஹைதராபாத்தின் கோடையில் இரும்புக் கூலரில் தண்ணீர் ஊற்றுமுன் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கூலர் ஓடும்போது அதன் உடலருகே பேனா ஒலித்தால், அதைத் தொடாமல் மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை அழைப்பதே அறிவுடைமை.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பேனா ஒலித்தால் ஆபத்து என்று கொள்க. ஒலியாவிட்டால் ஆபத்தில்லை என்று கொள்ளற்க. பாட்டரி தீர்ந்தாலும் அது மௌனம் சாதிக்கும். உலோகக் குழாய்க்குள் ஓடும் கம்பியையும் அது அறியாது. இன்வெர்ட்டர் பாட்டரியின் நேர்மின்சாரமும் அதற்குப் புலப்படாது. ஆகவே, மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் முதலில் சோதிக்க வேண்டும். பிறகு வேண்டிய இடத்தில். மீண்டும் முதல் இடத்தில். இம்மூன்றும் ஒத்துவந்த பின்னும், மெயினை அணைக்காமல் கை வைத்தல் கூடாது. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனம் வீட்டில் உண்டா என்று வீட்டுக்காரரைக் கேட்பதும் நம் கடமை.

வீதியிலோ இப்பேனாவுக்கு வேலையே இல்லை. 2025 ஆகஸ்டில் இந்நகரின் ராமந்தாபூரில், கோகுலாஷ்டமி ஊர்வல ரதத்தில் மின்சாரம் பாய்ந்து ஐவர் மாண்டனர். தொங்கும் கம்பியைக் கண்டால் விலகி நிற்பதொன்றே அங்கே சோதனை.

ரிச்மான் உயிரைக் கொடுத்துக் கற்பித்த பாடத்தை நாம் சில நூறு ரூபாயில் பெறுகிறோம். கருவி மலிவாகிவிட்டது என்பதற்காக எச்சரிக்கையும் மலிந்துவிடலாகாது.