கொம்புக்கு ஒரு நியாயம், வத்தலுக்கு ஒரு நியாயம்

வெள்ளவத்தையில் வளர்ந்த எங்களுக்கு மான் என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலைதான். நூறு வருசத்துக்கு முந்தி கொழும்புத் துரைமாருக்கு அது சுவரில் மாட்டுற கொம்பு.

ஒரு பக்கம் ஆட்கள் சத்தம் போட்டுக் காட்டைக் கலைக்க, மறுபக்கம் துவக்கோடு காத்திருப்பார்கள். பெட்டையும் குட்டியும்தான் முதலில் பாயும். கிழட்டு ஆண்மான் லேசில் பாயாது. பற்றைக்குள் பதுங்கி, பக்கவாட்டால் நழுவிவிடும். பெரிய கொம்பு வேணுமென்றால் கூட்டத்தை விட்டு விலகி, அது நழுவுற வழியில் தனியே காத்திருக்கவேணும்.

இந்தப் பொறுமைக்குத் துரைமார் வைத்த பெயர் ‘ஸ்போர்ட்’. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு மரையைக் கலைத்து, கத்தியால் குத்தினார். அதுவும் ஸ்போர்ட்தானாம்! குளத்தடியில் ஒளித்திருந்து சுட்டு வத்தல் போட்ட கிராமத்தவன் செய்தது மட்டும் அழிப்பு.

1894இல் இந்த வேட்டைக்காரர்களே வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கச் சங்கம் தொடங்கினார்கள். 1900இல் யால ஒதுக்கப்பட்டபோது, பக்கத்திலேயே அவர்கள் சுடுவதற்கென ஒரு காடும் விடப்பட்டது. யாலவில் மான் மிஞ்சியதில் அவர்களுக்கும் பங்கிருக்கு, மறுக்கேலாது. 1938இல் அது தேசியப் பூங்காவானது. வத்தல் போட்டவனைக் கேட்டு யாரும் கோடு கீறவில்லை.