குறையையும் எழுதிவைத்த கையேடு

ஏஐ ஏஜென்டுகள் தாமே மென்பொருள் கருவிகளை இயக்கத் தொடங்கியதிலிருந்து, அவற்றுக்குப் புரியும்படி கருவிகளை விளக்கி எழுதுவது ஏதோ புதுக் கலை போலப் பேசப்படுகிறது. அதன் அடிப்படைகள் 1971இலேயே அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகிவிட்டன. யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதிய கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அவ்வாண்டு நவம்பர் 3 எனத் தேதியிட்டு முதல் கையேட்டைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய மேலாளர் டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதால் எழுதப்பட்டது அது. கட்டளை ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம். எல்லாப் பக்கங்களிலும் ஒரே வரிசை: பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புள்ள கோப்புகள், பார்க்க வேண்டிய பிற பக்கங்கள், பிழைச் செய்திகள், பிறகு 'பக்ஸ்' என்ற தலைப்பில் குறைகள். அதன் கீழே பொறுப்பாளரின் பெயர். குறைகளுக்கென்று ஒதுக்கிய அந்தச் சில வரிகள்தான் இந்த மரபின் உயிர் என்பேன். இன்று ஏஜென்டுகளுக்காக எழுதும்போது முதலில் விடுபட்டுப்போவதும் அதுதான்.

'கேட்' என்ற கட்டளையைப் பாருங்கள். கொடுத்த கோப்புகளை வரிசையாகப் படித்து வெளியிடுவது மட்டுமே அதன் வேலை. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் இதற்கான பக்கம் மிகச் சிறியது. ஆனாலும் குறைகள் பகுதியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: இரண்டு கோப்புகளை இணைத்து, கிடைப்பதை அவற்றுள் ஒன்றின் பெயரிலேயே சேமிக்கச் சொன்னால், படிக்கும் முன்பே அந்தக் கோப்பு அழிந்துவிடும். 'கேட்' ஓடத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைத் திறந்து காலியாக்கிவிடுவதுதான் காரணம். கறாராகப் பார்த்தால் 'கேட்' மீது தவறே இல்லை. இருந்தும் அடிபடப்போகிறவர் புரட்டும் பக்கம் அதுதான் என்பதால் அங்கேயே எழுதிவைத்தார்கள். தவறு யாருடையது என்று வாதாடாமல், எச்சரிக்கை எங்கே கண்ணில் பட வேண்டும் என்று யோசித்த நேர்மை அது. ஏஜென்டுக்கு இது இன்னும் அவசியம். என்டர் விசையின் மேல் விரலை வைத்தபடி ஒரு கணம் தயங்கும் மனிதர் அங்கே இல்லை, ஏஜென்ட் படித்ததும் இயக்கிவிடுகிறது.

இயந்திரம் கையேட்டைப் படிப்பதும் நேற்று வந்ததல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் யூனிக்ஸை வளர்த்தவர்கள், எல்லாப் பக்கங்களிலிருந்தும் பெயர் வரியை மட்டும் திரட்டி அட்டவணையாக்க ஒரு நிரல் எழுதினார்கள். கட்டளையின் பெயர், ஒரு சிறு கோடு, ஒரு வரி விளக்கம் என்ற வடிவம் பிசகினால் அந்தக் கருவி தேடலில் அகப்படாது. பல கருவிகளுள் எதை எடுப்பது என்று இன்றைய ஏஜென்ட் தீர்மானிப்பதும் இத்தகைய சுருக்க விளக்கத்தை நம்பித்தான்.

ஏஜென்டுகளின் பின்னால் உள்ள மொழி மாதிரிகள் இந்தக் கையேடுகளையெல்லாம் ஏற்கெனவே கரைத்துக் குடித்துவிட்டனவே, இனி எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். படித்தது பல ஊர்க் கையேடுகளின் கலவை என்பதுதான் சிக்கல். கோப்பைத் திருத்தும் 'செட்' கட்டளைக்கு 'ஐ' என்றொரு குறி உண்டு. அசல் கோப்பிலேயே மாற்றம் செய்யச் சொல்வது அது. லினக்ஸில் பரவலாக உள்ள குனூ வடிவத்தில் அதைத் தனியாகக் கொடுத்தால் போதும். மேக் கணினியில் உள்ள பிஎஸ்டி வடிவமோ, அதையடுத்து நகல் கோப்புக்கான பின்னொட்டை எதிர்பார்க்கும். லினக்ஸ் பழக்கத்தில் எழுதினால் திருத்த வேண்டிய கட்டளையே பின்னொட்டாகிவிடும். கோப்பின் பெயரைக் கட்டளை என்று எண்ணி 'செட்' பிழை சொல்லும். பொது அறிவு எவ்வளவு இருந்தாலும், முன்னால் இருக்கும் இந்தக் கருவியின் பக்கம் வேண்டும்.

வலுவான மறுப்பு வேறொன்று. உள்ளீடு எண்ணா எழுத்தா, எது கட்டாயம், எது விருப்பம் என்று ஸ்கீமா எனப்படும் உள்ளீட்டு வரையறை துல்லியமாகச் சொல்லும்போது உரைநடை எதற்கு? ஸ்கீமா தேவைதான், இணையச் சேவைகளை இப்படி வரையறுக்கும் ஓபன்ஏபிஐ தரநிலை செய்த உதவி பெரியது. ஆனால் அது சொல்வது வடிவத்தை. 'கேட்' பக்கத்தில் எச்சரித்த அந்த அழைப்பு வடிவத்தில் முழுக்கச் சரியானது, எந்த வடிவச் சோதனையிலும் தேறிவிடும். விளைவைச் சொல்ல வாக்கியம்தான் வேண்டும். பழைய பக்கங்கள் விஷயம் தெரிந்தவருக்கே புரியும் சுருக்கத்தில் இருந்தன, உதாரணங்கள் அரிது என்ற குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கிறேன். ஏஜென்டுக்கு எழுதுபவர் அந்தக் கஞ்சத்தனத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை. சரியான அழைப்பு ஒன்று, தோற்கும் அழைப்பு ஒன்று, அப்போது வரும் பிழைச் செய்தி என எழுதிவைத்தால் பாதித் தடுமாற்றம் குறையும்.

ஏஐ மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒரு கருவியைப் பற்றிச் சொல்லப் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா ஆகியவை இருந்தன. குறைகளுக்குத் தனி இடம் இல்லை. 2025 மார்ச்சில் வந்த திருத்தத்தில், கருவி படிக்க மட்டும் செய்யுமா, எதையாவது அழிக்கக்கூடுமா என்று சுட்டும் குறிப்புகள் சேர்ந்தன. ஆம், இல்லை என்ற அளவிலேயே அவை பதில் சொல்கின்றன. எந்தக் கோப்பு, எந்த நிலையில், ஏன் அழியும் என்பதை விளக்கப் பகுதியில் ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.