கல்லறைக் கல்லும் கண்டத்தின் அடித்தளமும்

கல்வெட்டில் பொறிக்கப்பட்ட எழுத்தைப் படிக்கும் நாம், அவ்வெழுத்தைத் தாங்கும் கல்லைப் படிப்பது அரிது. கல்லே வரலாற்றுச் சான்றாக அமைந்த ஒரு நிகழ்வை இக்கட்டுரையில் நோக்குவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜோப் சார்னாக்கின் கல்லறை, கொல்கத்தாவின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. அதன் கல்லை ஆராய்ந்த இந்திய நிலவியல் அளவைத் துறை அறிஞர் தாமஸ் ஹாலந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கல்லை ஒத்திருக்கக் கண்டு, 1893இல் அதற்குச் 'சார்னோகைட்டு' எனப் பெயரிட்டார்.

1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், அது பாறைக் குழம்பு உறைந்து உருவான தீப்பாறை என்றார் ஹாலந்து. ஆனால் 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் சாம்பல்நிற நைஸ் பாறை இருந்த இடத்திலேயே சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையைச் சுட்டிக்காட்டினார். அது குழம்பில் பிறந்ததா, உருமாற்றத்தில் விளைந்ததா என்னும் வினா வலுப்பெற்றது.

இது பெயர் பற்றிய வாதம் மட்டுமன்று. கண்டங்கள் உருவான முறை பற்றியது. புவியோட்டின் ஆழத்தில், ஏறத்தாழ 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீரைத் தம்முள் கொண்ட கனிமங்கள் சிதைகின்றன. அப்போது உருகும் பகுதி நீரையும் ஏந்தி மேலேறிக் கருங்கல்லாக உறைகிறது. நீரற்ற எச்சம் கீழே தங்குகிறது. கண்டத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் வேறுபட்டமைக்கு இது முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

நீலகிரிச் சார்னோகைட்டுகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. மதுரைப் பகுதிப் பாறைகளோ, கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், சிலவிடங்களில் 900 பாகையையும் கடந்த வெப்பத்தைத் தாங்கியவை. நிலம் உயர்ந்தும் மேலுறை அரிக்கப்பட்டும் அந்த அடித்தளமே இன்று மலையாகக் காட்சியளிக்கிறது.

சார்னோகைட்டு இருவழிகளிலும் தோன்றக்கூடும் என்பதே இன்றைய தெளிவு. ஹாலந்தும் பிச்சமுத்துவும் தத்தம் சான்றளவில் பிழைபடவில்லை. ஓரிடத்துச் சான்றை எல்லா இடத்திற்கும் பொதுவாக்குவதே பிழை. வரலாற்று மாணவர்க்கும் இது பொருந்தும்.